மஞ்சளில் கசிந்த சிவப்பு

கும்தெபா சந்தையில் அட்லஸ் பட்டு விற்கிற வரிசையில் இனோபத் அக்காவின் கடைக்கு மட்டும் ஒரு பெயர் உண்டு: சோதனைச் சாவடி. பெயர் வைத்தது நான்தான். அவளுக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. நூல், ஊசி, சரிகை, பொத்தான் விற்கிறேன். போதாக்குறைக்கு மர்கிலானில் எங்கள் வீடுகளும் அடுத்தடுத்து. ஆக, காலையில் கதவைத் திறப்பதிலிருந்து மாலையில் கடையைக் கட்டுவது வரை அவளுடைய சந்தேகங்களைக் கேட்பதற்கென்றே பிறந்தவள் போல இருக்கிறேன்.

சரக்கு கொண்டுவருகிறவன் சலாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சி கிழித்துக் கொளுத்தி முகர்ந்துவிடுவாள். மயிர் கருகின வாடை வந்தால் பட்டு. பிளாஸ்டிக் நாறினால் அவன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டான். அதற்குப் பிறகு வெள்ளைக் கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் துணிமேல் தேய்ப்பாள். கைக்குட்டையில் ஒரு பொட்டு நிறம் ஏறக் கூடாது. கடைசியாக, நிறமும் நிறமும் சந்திக்கிற விளிம்பைப் பார்ப்பாள். அச்சடித்த போலித் துணியில் அந்த விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல நேராக இருக்கும். எங்கள் ஊர் அட்லஸில் அப்படி இருக்காது. பாவு நூலைத் தறிக்கு அனுப்புவதற்கு முன்பே, சாயம் ஏறக் கூடாத இடமெல்லாம் இறுக்கிக் கட்டி, ஒரு சாயத்தில் முக்கி, அவிழ்த்து, வேறிடத்தில் கட்டி, அடுத்த சாயத்தில் முக்குவார்கள். அந்த விளிம்பு கொஞ்சம் கலைந்துதான் இருக்கும். கலைந்திருப்பதுதான் அதன் அழகு.

"மாப்பிள்ளை பார்க்கறப்பகூட இவ்வளவு சோதிக்க மாட்டாங்க அக்கா," என்று நமங்கான்காரன் ஒருவன் ஒருநாள் அலுத்துக்கொண்டான்.

"மாப்பிள்ளை சாயம் போனா அதட்டி வச்சுக்கலாம். துணி சாயம் போனா என்னடா பண்றது?" என்றாள் அக்கா.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை என்று சொல்கிறார்கள். புதுப்பெண்ணாக முக்காட்டோடு வாசலில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து சலாம் வைக்கிற அன்று தூறல் போட்டதாம். மாமியார் வீட்டில் கொடுத்த அட்லஸ் அங்கியின் பச்சை வழிந்து, கழுத்து, கை, வெள்ளைக் காலுறை எல்லாம் பச்சையாகி, தெருவே சிரித்திருக்கிறது. அன்றிலிருந்து அவள் எந்தத் துணியையும் நம்புவதில்லை. துணியைக் கொடுக்கிற கையையும் நம்புவதில்லை. பிறகு பட்டாலையில் துணி சரிபார்க்கிற வேலை கிடைத்தது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்றால் அவளைக் கேட்க வேண்டுமா! ஆலை மூடின பிறகு சந்தையில் கடை போட்டாள். வரிசையில் யாருக்குத் தகராறு வந்தாலும், "இனோபத் அக்கா கண்ணுல காட்டுங்க, அவங்க சொன்னா சரி," என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பட்டினி கிடக்கவும் தயாராக இருந்தாள்.

அட்லஸ் மட்டும் ஏன் யாருக்கும் அலுப்பதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. துருக்கியிலிருந்து ஜிகினா வரும், சீனாவிலிருந்து பூப்போட்டது வரும், ஒரு பருவம் எல்லோரும் விழுந்தடித்து வாங்குவார்கள். அடுத்த வசந்தத்தில் அதே பெண்கள் மறுபடி அட்லஸ் கடைமுன் நிற்பார்கள். கல்யாணப் பெட்டிக்கு அதுதான், தொட்டிலுக்கு அதுதான், பள்ளிக்கூடம் முடிக்கிற பெண்ணுக்கும் அதுதான். ஏதோ வசியம் வைத்து நெய்கிறார்கள் என்று நான் சந்தேகப்பட்டேன். "வசியமாவது மண்ணாவது," என்றாள் அக்கா. "ஒண்ணுக்கொண்ணு ஆகாத நிறத்தையெல்லாம் பக்கத்துல பக்கத்துல உட்கார வச்சு, சண்டை போடாம பார்த்துக்கறான் பாரு, அந்தக் கட்டுக்காரன். நம்ம வீடுகள்ல அது நடக்குதா? அதான் பார்த்துக்கிட்டே இருக்கத் தோணுது."

இனி ஒரு பழுதுத் துணி விஷயத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால், நூல் கட்டிச் சாயம் தோய்க்கிற ரஹ்மோனலி என்பவருடைய பட்டறையில் ஒரு பாவில் கட்டு நெகிழ்ந்துவிட்டது. சிவப்பில் முக்கும்போது, மஞ்சளாகவே இருக்க வேண்டிய சீப்பு உருவத்தின் கடைசிப் பல்லில் சிவப்பு கசிந்து ஏறிக்கொண்டது. தறியில் நான்கு அங்கிக்கு நெய்த பிறகுதான் கவனித்திருக்கிறார். அறுத்து எடுத்துவிட்டு மிச்ச நூலைக் கறுப்பில் முக்கிவிட்டார். நெய்த நான்கு துண்டையும் இனோபத் அக்கா மலிவாக வாங்கிக்கொண்டாள். ஆனால் கடையில் வைக்கவில்லை. பழுதை விற்றாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே! என்ன செய்தாள் தெரியுமா? கல்யாணம், சுன்னத்து, குழந்தைப் பிறப்பு என்று வந்த விசேஷங்களுக்கு ஒவ்வொன்றாகப் பரிசாகக் கொடுத்துவிட்டாள். நம் ஊரில் துணி கொடுக்காமல் எந்த விசேஷம் நடக்கிறது? அவளுடைய நாத்தனார் துர்சுனாய்க்கு ஒன்று, தந்தூர் ரொட்டி சுடுகிற சல்தனத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாலாவது அவள் பெட்டியில்.

எனக்குக் கொடுத்தது பழுது என்று அப்போது எனக்குத் தெரியாது. எப்படித் தெரியவந்தது என்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளுடைய மகள் முனவ்வருக்கு வரன் வந்தது. முனவ்வர் மழலையர் பள்ளியில் ஆசிரியை. துணி வியாபாரி வீட்டில் பிறந்தும் பட்டுக்கும் நைலானுக்கும் வித்தியாசம் தெரியாத பெண். நிறம் பிடித்தால் போதும் அவளுக்கு. பையன் அஸ்லித்தின், மின்சார வேலை செய்கிறவன். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இரண்டு அறை வீடு. அப்பா இல்லை. அம்மா முகர்ரம் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. பையனும் பெண்ணும் முன்பே பேசிப் பழகினவர்கள் என்பது எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும். அக்காவுக்கு மட்டும் வரன் தானாக வந்ததாகச் சொல்லியிருந்தார்கள்.

"அந்தம்மா ஏன் இவ்வளவு தணிவாப் பேசுறாங்க?" என்று முதல் நாளே என் காதைக் கடித்தாள் அக்கா. "தணிவாப் பேசுறவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

"நீ கத்துற கத்துல யாரு பேசினாலும் தணிவாத்தான் கேக்கும்," என்றேன்.

எப்படியோ, இரு வீட்டாரும் சேர்ந்து ரொட்டியை உடைத்து உறுதி பண்ணிவிட்டார்கள். ரொட்டி உடைத்த பிறகு பின்வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. ஒரே ஒரு வழி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அனுப்புகிற துணி மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பினால் கல்யாணம் நின்றது என்று பொருள். வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

மூட்டை வந்தது. தெருப் பெண்கள் எல்லாம் கூடி அதை விரித்துப் பார்க்கிற நாளும் வந்தது. பார்க்கிற நாள் என்பது பேச்சுக்குத்தான். அன்று கை படாத துணி ஒன்று மிஞ்சாது. பருத்தி, வெல்வெட், ஒரு கம்பளிக் கோட்டு. ஏழை வீட்டு மூட்டைதான், ஆனால் மடிப்புக் கலையாமல் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். கடைசியில் அட்லஸிலேயே உயர்ந்த ரகமான கான் அட்லஸ் ஒன்று வெளியே வந்தது. "அம்மாடி!" என்று ஒரே குரல். கறுப்பு, பச்சை, சிவப்பு, நடுவில் பளிச்சென்று மஞ்சள் சீப்பு. அறையே விடிந்தாற்போல் ஆகிவிட்டது. கோட்டைக் கேலி பண்ணிக்கொண்டிருந்த வாய்களெல்லாம் அடைத்துக்கொண்டன.

அக்கா அதைக் கையில் வாங்கினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. மஞ்சள் சீப்பின் கடைசிப் பல்லில் சிவப்பு. மறுபடி ஒருமுறை தடவினாள். தேநீர் கொண்டுவந்த முனவ்வர் கதவருகில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அக்கா துணியை மடித்து வைத்து, "சாப்பிடுங்க, பிலாவ் ஆறுது," என்றாள். குரலே சரியில்லை.

எல்லோரும் போன பிறகு என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"உன்னோட அட்லஸைக் கொண்டா."

"எந்த அட்லஸ்?"

"உன் பொண்ணு பிறந்தப்ப கொடுத்தேனே. எங்க அது? யாருக்குத் தள்ளிவிட்டே?"

அப்போதுதான் கட்டு நெகிழ்ந்த கதை முழுவதும் வெளியே வந்தது. அந்தச் சிவப்பு வேறு யாரிடமும் இருக்க முடியாது, நான்கு துண்டோடு சரி. பரிசு வாங்கின யாரோ அதைத் தைக்காமல் வைத்திருந்து இன்னொருத்திக்குக் கொடுத்து, அவள் வேறொருத்திக்குக் கொடுத்து, வீடு வீடாகச் சுற்றிக் கடைசியில் முகர்ரம் கைக்குப் போய் மணப்பெண் மூட்டையில் ஏறியிருக்கிறது. இதுதான் அவள் கணக்கு.

"என் பொண்ணுக்கு ஊரெல்லாம் சுத்தின துணி! அதுவும் பழுது! அந்தத் தணிஞ்ச குரலைக் கேட்டப்பவே நினைச்சேன். எந்தக் கை வழியா வந்துச்சுன்னு மட்டும் தெரியட்டும், மூட்டையைத் திருப்பி அனுப்பறேனா இல்லையா பாரு."

"நாலாவது?"

"அது என் பெட்டியில கிடக்கு. பூட்டியிருக்கு. சாவி என் இடுப்புல. பேச்சை மாத்தாதே, உன்னோடதைக் கொண்டா."

எனக்கு ஏறின கோபத்துக்கு அளவில்லை. என்னைத் திருடி மாதிரி நிறுத்திவைத்ததற்கு அல்ல. பழுது என்று தெரிந்தே கொடுத்திருக்கிறாளே என்பதற்கு. வீட்டுக்குப் போய் அங்கியைக் கொண்டுவந்து அவள் மடியில் எறிந்தேன். "இந்தா. அக்குள்ல கிழிஞ்சு தைச்சிருக்கேன், பார்த்துக்கோ. கொளுத்தி முகர்ந்தும் பாரு. பழுதுன்னு தெரிஞ்சேதானே கொடுத்தே?"

"சொல்லியிருந்தா உடுத்தியிருப்பியா?"

"மாட்டேன்தான்."

"உடுத்தினியே, ஒரு குறை தெரிஞ்சுதா?"

தெரியவில்லை என்பதுதான் எரிச்சல். அந்தச் சிவப்பு நுனியைப் பார்த்துத்தான் எனக்கு அந்த அங்கிமேல் தனிப் பிரியமே. அதை அவளிடம் சொல்வேனா?

மறுநாள் அல்வா வாங்கிக்கொண்டு துர்சுனாய் வீட்டுக்குப் போனோம். நேராகக் கேட்க வழியில்லை. கேட்டால் பழுதைப் பரிசாகக் கொடுத்த கதை வெளியே வந்துவிடும். அக்கா வாய்க்குள் பல சாக்குகளை உருட்டிக்கொண்டே வந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. கதவைத் திறந்த துர்சுனாய் அந்த அட்லஸைத்தான் உடுத்தியிருந்தாள். முழங்கை தேய்ந்து, ஓரம் பிசிறு விட்டு, முன்பக்கம் மாவு அப்பி.

"அல்வாவா? உன் கையிலேர்ந்தா? யாரு செத்தா?" என்றாள் துர்சுனாய்.

"சும்மா பார்க்க வந்தோம் அண்ணி. இந்த அங்கி இன்னுமா கிழியல?"

"கிழிஞ்சா உடம்புல பச்சை குத்திக்குவேன். உன் கையிலேர்ந்து வந்ததுலயே உருப்படியானது இது ஒண்ணுதான். இந்தச் சீப்புல சிவப்பா ஒரு துளி இருக்கு பாரு, தபால் ஆபீஸ்ல ஒரு பொம்பளை என் கையைப் பிடிச்சு நிறுத்தி, எங்க வாங்கினேன்னு கேட்டா. நான் சொல்லுவேனா?"

அக்கா அல்வாவை வைத்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டாள். "நடிக்கிறாளோ?" என்று தெருவில் கேட்டாள். உடுத்தித் தேய்ந்த துணியில் என்ன நடிப்பு இருக்கிறது என்று கேட்டேன்.

சல்தனத் வீட்டில் தந்தூர் அனல் வாசல்வரை அடித்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடி, விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கிற மெத்தையைக் கொண்டுவந்து உதறி விரித்தாள். மேல்துணி அதே அட்லஸ்.

"உட்காருங்க அக்கா. அங்கியாத் தைச்சா நான் ஒருத்திதானே போட்டுக்க முடியும்? மெத்தையாத் தைச்சா வர்றவங்க எல்லாரும் பார்ப்பாங்க. எங்க வீட்டுக்கு வர்றவங்க முதல்ல இதைத்தான் தடவுறாங்க."

இனோபத் அக்கா தன்னுடைய பழுதின்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தில் விரல் தானாக அந்தச் சிவப்பைத் தேடியது. சல்தனத் சும்மா விடுகிறவளா? கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா இப்படித் தடவுறீங்க? நேத்துச் சம்பந்தி வீட்டு அட்லஸையும் இப்படித்தான் தடவினீங்க. அதுவும் யாரோ கொடுத்த பழசா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலை. முகம் சொல்லுது."

முடிந்தது. சல்தனத்திடம் ரொட்டி வாங்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. சூடான ரொட்டியோடு சேர்த்து அன்று என்ன விநியோகமாகும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது. வழியெல்லாம் அக்கா தன் பாட்டுக்குப் புலம்பிக்கொண்டே வந்தாள். மூன்றும் இருக்கிறது, அப்படியென்றால் ரஹ்மோனலி ஐந்தாவதாக ஒன்று நெய்து ஒளித்திருக்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்தது தப்பு என்றாள்.

"அக்கா, முதல்ல உன் பெட்டியைத் திற," என்றேன்.

முறைத்தாள். வீட்டுக்கு வந்ததும் திறந்தாள், என் வாயை அடைப்பதற்காக. மேலிருந்ததை எல்லாம் எடுத்துக் கீழே வைத்தாள். அடியில் அட்லஸ் இருந்த இடத்தில், பள்ளம் தெரியாமலிருக்க, முனவ்வருடைய பழைய பள்ளிக்கூடத்துச் சால்வை அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. சத்தம் போடுவாள் என்று காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அந்த நேரத்தில் முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே முனவ்வர் போனில் பேசுகிற குரல் ஜன்னல் வழியாக வந்தது. நாங்கள் வீடு திரும்பினதை அவள் கவனிக்கவில்லை.

"உங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியக் கூடாது அஸ்லித்தின். அந்திஜான்ல உங்க சம்பாத்தியத்துல வாங்கினதுன்னே இருக்கட்டும், அவங்க எவ்வளவு பெருமையா மடிச்சு வச்சாங்க... ஆமா, அம்மா குளிக்கப் போனப்பதான் எடுத்தேன். வேற எதையாவது எடுத்திருக்கலாம்தான். என்ன பண்றது, பெட்டியிலேயே அதுதான் அழகா இருந்துச்சு. அடியில கிடந்துச்சா, அம்மா மறந்திருப்பாங்கன்னு நினைச்சேன்... இல்லங்க, உங்க மூட்டையில ஒரு அட்லஸ் இல்லேன்னா போதும், அம்மா ஏதாவது காரணம் கண்டுபிடிச்சிருப்பாங்க. அம்மாகிட்ட நேரா சொல்லியிருக்கலாங்கறீங்களா? எங்க அம்மாவுக்கு அவங்க கண்ணுமேல இருக்கற நம்பிக்கை என்மேல கிடையாது. எனக்கு இப்ப ரொம்பப் பயமா இருக்கு."

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "கூப்பிட்டு ரெண்டு அறை விடு," என்றேன். சொன்னது மனதாரத்தான். திருட்டுத் திருட்டுத்தானே?

"சும்மா இருடி." அவள் சால்வையை எடுத்த மாதிரியே மடித்துப் பழைய இடத்தில் வைத்தாள். மேல்துணிகளை அடுக்கினாள். பூட்டினாள். பிறகு பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுதாள். "பெட்டியிலேயே அதுதான் அழகாம் ரோஹத்," என்றாள். "நான் வெளியில காட்டக் கூசினதை..." எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவளுக்காகவா அந்தப் பெண்ணுக்காகவா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் மணப்பெண் மெத்தைகளுக்குப் பஞ்சு அடைக்கத் தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். துர்சுனாயும் சல்தனத்தும் இருந்தார்கள். எல்லோர் வாயிலும் பஞ்சைவிட அதிகமாக அந்த அட்லஸ்தான் அடைந்துகிடந்தது. அப்போது வாசல் கதவு திறந்தது. முகர்ரம், சமையல் வேலையிலிருந்து நேராக, இடுப்பில் கட்டின சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றாள்.

"சம்பந்தி," என்றாள். அன்று அந்தக் குரலில் தணிவே இல்லை. "நாங்க அனுப்பினது யாரோ போட்டுத் தள்ளின துணின்னு சொன்னீங்களாமே? ரொட்டிக்கடையில நின்னு கேட்டுட்டு வர்றேன். எங்களுக்கு வீடு சின்னது. கை சின்னது இல்ல. என் பிள்ளை அந்திஜான்ல கம்பத்துல தொங்கிச் சம்பாதிச்சு வாங்கினது. எடுத்து விரிங்க. எல்லார் முன்னாலயும் உங்க கண்ணால பார்த்துச் சொல்லுங்க. பழசுன்னா இப்பவே மூட்டையைத் தூக்கிட்டுப் போறேன், என் பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்."

"முனவ்வர், எடுத்துட்டு வா," என்றாள் அக்கா.

முனவ்வர் கொண்டுவந்தாள். அவள் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா துணியை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கிட்டத்தில் பிடித்தாள், தூரத்தில் பிடித்தாள், கண்ணைக் கசக்கிக்கொண்டாள். சந்தையில் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்கிறவள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதை நான் கண்டதே இல்லை.

"புதுசு," என்றாள். "அசல் பட்டு. கை படாத துணி. நான்தான் அன்னைக்கு வெளிச்சம் பத்தாம ஏதோ தப்பாப் பார்த்துட்டேன். எனக்குக் கண்ணு மங்கிடுச்சு சம்பந்தி. மன்னிச்சுக்கோங்க."

அடைத்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. சல்தனத் விடவில்லை. "அப்ப இந்தச் சிவப்பு? என் மெத்தையிலயும் இதே இடத்துல இருக்கே அக்கா. இது கசிவுதானே?"

"கசிவு இல்ல. அப்படித்தான் கட்டியிருக்காங்க."

"நீயா சொல்ற இதை?" என்றாள் துர்சுனாய். "ஊசி முனை அளவு கலந்தாக்கூட ஆளை ஓட ஓட விரட்டுவியே!"

"விரட்டினேன். இப்ப தெரியலைங்கறேன்ல? வயசாகுது எனக்கு." பிறகு முகர்ரமின் பக்கம் திரும்பினாள். "உங்க பிள்ளைக்குத் துணி பார்க்கத் தெரிஞ்சிருக்கு. என் பெட்டியிலகூட இவ்வளவு அழகா ஒண்ணு கிடையாது."

முகர்ரம் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரோ தேநீர் ஊற்றினார்கள். நான் முனவ்வரைப் பார்த்தேன். தாய் ஏமாந்துவிட்டாள் என்று அவள் நம்பினாளா, இல்லை, விஷயம் புரிந்துவிட்டதா? அந்தப் பெண்ணின் முகம் எனக்குப் பிடிபடவில்லை. வேகமாகப் பஞ்சை அள்ளி மெத்தைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நடந்தது. அந்த அட்லஸில் முனவ்வர் நின்ற அழகைச் சொல்ல எனக்குத் தெரியாது. கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் இன்றும் ரஹ்மோனலியிடம் போய், சீப்பு நுனியில் சிவப்பு கசிகிற மாதிரியே கட்டிக் கொடுங்கள் என்று கேட்கிறார்களாம். அவருக்குத் தலை சுற்றுகிறது. வேண்டுமென்று கட்டினால் அந்த மாதிரி வரவில்லை என்கிறார்.

ஆனால் சந்தையில் கதை வேறு மாதிரி போயிற்று. இனோபத் அக்காவின் கண் போய்விட்டது என்று கும்தெபா முழுக்கப் பேச்சு. தகராறு வந்தால் இப்போது வேறு ஒருத்தியிடம் போகிறார்கள். "அக்காவுக்குத் துணி தெரியுதா, ஆள் தெரியுதா?" என்று நமங்கான்காரன் சிரித்துக்கொண்டே கேட்டான். என் கையில் இருந்த நூற்கண்டை அவன் தலையில் எறிந்தேன்.

முனவ்வர் கல்யாணத்துக்குப் பிறகு வாங்கின முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொண்டுவந்தாள். கடைக்காரன் ஏதோ ஒரு கணக்கில் கொடுத்த கண்ணாடி. அக்கா அதை மாட்டிக்கொண்டால் எதிரே இருக்கிறது கழுதையா கம்பளமா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் முனவ்வர் கடைக்கு உதவிக்கு வருவாள். அன்றைக்கெல்லாம் அக்கா தவறாமல் கண்ணாடியை மாட்டிக்கொள்வாள். "எப்படிம்மா இருக்கு, தெளிவா இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்பாள். "ரொம்பத் தெளிவு கண்ணு," என்பாள் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நமங்கான்காரன் சரக்கு கொண்டுவந்தான். கட்டுக்கு நடுவில் அச்சடித்த போலியை நாலைந்து துண்டு செருகியிருந்தான். என் கடையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது, விளிம்பெல்லாம் கோடு போட்ட மாதிரி. அக்கா கட்டைப் புரட்டினாள். போலியில் கை பட்டதும் விரல் நின்றது. பக்கத்தில் முனவ்வர் தாயின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் அடுத்த துண்டுக்குப் போனாள். முழுக் கட்டையும் வாங்கி அடுக்கினாள். அவனுக்குத் தேநீர் வேறு கொடுத்து அனுப்பினாள்.

முனவ்வர் சமோசா வாங்கப் போன உடனே தாவிப் போய், "உனக்குப் பைத்தியமா? தெரிஞ்சே வாங்குறியே!" என்றேன்.

அக்கா கண்ணாடிக்கு மேலாக, அவன் போன பக்கத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "சிவப்புக் கார். பெட்ரோல் பங்க் பக்கம் திரும்புறான்," என்றாள். "வியாழக்கிழமைச் சந்தைக்கு முனவ்வர் வர மாட்டா. அன்னைக்கு அவனை நான் பார்த்துக்கறேன். வாயை மூடிட்டுப் போய் உன் கடையில உட்காரு, அவ வந்துட்டா."